பல்லாவரத்தில் கிடைத்த கல் ஆயுதம்

இரும்புலியூரை அடுத்துள்ளது தாம்பரம். அங்கிருந்து சென்னைக்கு ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் பல்லாவரம். வெள்ளைக்காரர் ஆட்சியில் அங்கே பட்டாள மைதானம் ஒன்று இருந்தது.

1863-ஆம் ஆண்டு மே 30-ந் தேதி. அந்த மைதானத்தில் சரளை மண் தோண்டிய குழியருகே ஒருவர் நின்றார். வெளியே கொட்டிக் கிடந்த மண்ணிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். புரட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது!

அவர்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

பழைய பட்டாளத்துக் கத்திகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு. ஃபூட் தேடிச் சேர்த்தவையோ, இரும்பையே அறியாத மனிதர்களின் கல் ஆயுதங்கள்.

கல்லா? கருவியா?

ஃபூட் 1834-இல் இங்கிலாந்தில் பிறந்தார். 24-ஆம் வயதில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். பாறைகளையும் மண்ணையும் ஆராய்வது அவர் வேலை.

பிரான்ஸ் நாட்டு ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கள் ஆதிமனிதனின் கருவிகளே என்று 1859-இல் அறிஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். இந்தச் செய்தி ஃபூட்டின் மனத்தில் பதிந்திருந்தது. அதனால்தான் பலர் மிதித்துச் சென்ற மண்ணில் அவர் மட்டும் ஆயுதத்தைக் கண்டார்.

அது கைக்கோடரி. அதற்குக் காம்பு கிடையாது. கெட்டியான கல்லை இன்னொரு கல்லால் தட்டித் தட்டிச் சில்லுகளைப் பெயர்த்து, ஓரத்தைக் கூராக்கியிருந்தார்கள். கையில் பிடித்து வெட்டலாம்; தோலுரிக்கலாம்; கிழங்கு தோண்டலாம்.

ஆனால் கிடைத்தது ஒரே கல். அதைக் கொண்டு உலகை நம்பவைக்க முடியுமா? ஃபூட் தேடுவதை நிறுத்தவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் மாதம், நண்பர் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் சென்றார். அத்திரம்பாக்கம் ஓடையில் மேலும் கருவிகள் கிடைத்தன. பிறகு, மண் படிவுக்குள்ளேயே கருவிகள் பதிந்திருப்பதையும் கண்டார். ஐயம் நீங்கியது. இந்தியாவிலும் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பது உறுதியாயிற்று.

நாற்பது ஆண்டு உழைப்பு

சேலம், பெல்லாரி, கர்நூல், குஜராத் என்று ஃபூட் போகாத இடம் இல்லை. போன இடமெல்லாம் கற்கருவிகளைத் தேடினார். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எந்த ஊரில் கிடைத்தது என்றும் குறித்து வைத்தார்.

அந்தக் குறிப்புத்தான் பெரிய செல்வம். கிடைத்த இடம் தெரியாவிட்டால் கற்கருவியும் வெறும் கல்லே. இடம் தெரிந்தால், அங்கே மனிதன் வாழ்ந்தான் என்று அது சாட்சி சொல்லும்.

1891-இல் ஓய்வு பெற்ற ஃபூட், ஏற்காட்டில் குடியேறினார். அவர் சேர்த்தவை பல கைகளுக்குச் சிதறிப் போகவில்லை. 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்காக அரசாங்கம் அவற்றை விலைக்கு வாங்கியது. 1912 டிசம்பர் 29-ந் தேதி ஃபூட் காலமானார். அவர் எழுதிய விவரப் பட்டியல், அவர் மறைந்த பிறகே அச்சாகி வெளிவந்தது.

அந்தப் பட்டியல் வீண்போகவில்லை. அவர் காட்டிய அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் மீண்டும் அகழ்ந்தார்கள். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் அறிவித்தார்கள்.

இத்தனைக்கும் தொடக்கம், பல்லாவரத்தில் குனிந்து எடுத்த ஒரு கல்!