மாணவர் என்ற பெயரில் ஓர் ஆசான்

உளவியலோ கல்வியியலோ பயிலும் நம் மாணவர்களுக்கு இறுதியாண்டில் ஒரு கவலை வந்து சேரும். வினாநிரல்களைக் கொடுத்து, திரும்பப் பெற்று, விடைகளையெல்லாம் கணினியில் ஏற்றிய பிறகு, இனி எந்தச் சோதனையைச் செய்வது என்ற கேள்வி எழும். மென்பொருளைத் திறந்தால் பத்துப் பன்னிரண்டு சோதனைகள் வரிசையாக நிற்கும். சீனியர் ஒருவர் டி-சோதனை செய் என்பார். இன்னொருவர் வேறொன்றைச் சொல்வார். எது 0.05க்குக் கீழே ஓர் எண்ணைக் காட்டுகிறதோ அதையே வைத்துக்கொண்டு ஆய்வேட்டை முடித்துவிடுபவர்களும் உண்டு. கருதுகோளை அதற்குப் பிறகு எழுதிக்கொள்வார்கள்.

நாம் இப்படி அடிக்கடி பெயர் சொல்லும் டி-சோதனைக்கு வித்திட்டவர் உளவியலாளர் அல்லர். பல்கலைக்கழகப் பேராசிரியரும் அல்லர். பியர் ஆலை ஒன்றில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். வில்லியம் சீலி கோசெட் என்பது அவர் பெயர். நம் கவலைக்கான விடை அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

ஆலைக்கு வந்த இளைஞர்

கோசெட் 1876ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் இங்கிலாந்தின் கேண்டர்பரி நகரில் பிறந்தார். தந்தை இராணுவப் பொறியியல் படையில் அதிகாரி. மகனும் அதே படையில் சேர விரும்பினார். கண் பார்வை சரியில்லை என்பதால் அந்த வாய்ப்பு நழுவியது. வின்செஸ்டர் கல்லூரியில் பயின்று, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜில் கணிதமும் வேதியியலும் படித்தார். இரண்டிலும் முதல் வகுப்பு.

1899ஆம் ஆண்டு, தமது 23ஆம் வயதில், அயர்லாந்தின் டப்ளின் நகரில் இருந்த கின்னஸ் பியர் ஆலையில் சேர்ந்தார். அக்காலத்தில் அந்த நிறுவனம் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து, பியர் தயாரிப்பை அறிவியல் முறைப்படி நடத்த முயன்றுகொண்டிருந்தது. எந்தப் பார்லி வகை நல்லது, எந்த நிலத்தில் அது நன்றாக விளையும், ஹாப் பூக்களின் தரத்தை எப்படி அளப்பது என்பவை அங்கே அன்றாடக் கேள்விகள். ஆனால் கையில் கிடைத்த அளவீடுகள் மிகக் குறைவு. ஒரு பார்லி வகையை நாலைந்து வயல்களில் விதைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு விளைச்சலுக்கும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் மாதிரிகளைத் திரட்ட வழியே இல்லை.

அன்றைய புள்ளியியலோ பெரிய மாதிரிகளுக்காக உருவானது. அத்துறையின் தலைமகனாக விளங்கிய கார்ல் பியர்சனை கோசெட் 1905இல் சந்தித்தார். 1906-07இல் ஆலையின் அனுமதியோடு இலண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் பயின்றார். பெரிய எண்ணிக்கைகளோடு பழகிய பியர்சனுக்குச் சிறு மாதிரிகளில் அவ்வளவாக ஆர்வம் இல்லை. கோசெட்டுக்கோ அதை விட்டால் வேறு வழி இல்லை.

மூவாயிரம் அட்டைகள்

நாலைந்து அளவீடுகளின் சராசரியை எந்த அளவுக்கு நம்பலாம்? இதுதான் அவருடைய கேள்வி. மாதிரி சிறியதாக இருக்கும்போது திட்ட விலக்கமே ஊசலாடும். ஆகவே பழைய அட்டவணைகளைப் பயன்படுத்தினால், இருப்பதைவிட அதிக உறுதி இருப்பதாக நாம் ஏமாந்துபோவோம். அந்த ஏமாற்றம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுச் சொன்னதே அவர் சாதனை.

கணித வழியில் விடையை ஊகித்த பிறகு அதைச் சோதித்தும் பார்த்தார். 3000 குற்றவாளிகளின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் அடங்கிய ஒரு பட்டியல் அப்போது அச்சில் இருந்தது. அந்த அளவுகளை 3000 அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, நான்கு நான்காகப் பிரித்தார். 750 சிறு மாதிரிகள் கிடைத்தன. அவற்றில் கண்ட பரவல் அவருடைய சூத்திரத்தோடு ஒத்துப்போனது. இன்று கணினி ஒரு நொடியில் செய்யும் வேலை அது.

இந்தக் கட்டுரை 1908ஆம் ஆண்டு பயோமெட்ரிக்கா இதழில் வெளிவந்தது. போட்டி நிறுவனங்களுக்குத் தொழில் இரகசியம் தெரிந்துவிடக் கூடாது என்பதில் ஆலை கவனமாக இருந்ததால், ஊழியர்கள் புனைபெயரில்தான் எழுத முடிந்தது. கோசெட் பூண்ட பெயர் ஸ்டூடன்ட், அதாவது மாணவர். ஸ்டூடன்ட் டி-சோதனை என்று பாடநூல்களில் நாம் காணும் பெயர் இதுதான். மாணவர்களுக்கான எளிய சோதனை என்று அதற்குப் பொருள் கொள்வது தவறு.

பத்து நோயாளிகளின் தூக்கம்

அதே 1908 கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டாகக் கொடுத்த ஒரு தரவு உளவியல் மாணவர்கள் மறக்கக் கூடாதது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ நகர மனநலக் காப்பகத்தில், பத்து நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகளை வெவ்வேறு இரவுகளில் கொடுத்திருந்தார்கள். முதல் மருந்தால் கூடிய தூக்கம் சராசரியாக 0.75 மணி நேரம், இரண்டாவதால் 2.33 மணி நேரம். வேறுபாடு 1.58 மணி. (மருந்துகளின் பெயர்களை கோசெட் தவறாகக் குறித்துவிட்டார். அந்தப் பிழை பின்னால் வந்த நூல்களிலும் தொடர்ந்தது. மூலத்தைச் சரிபார்க்காமல் எடுத்தாள்வது புதிய பழக்கம் அன்று.)

இந்த எண்களை இன்று மென்பொருளில் இட்டுப் பாருங்கள். இரண்டு தனித்தனிக் குழுக்கள் என்று கருதி, சார்பற்ற குழுக்களுக்கான டி-சோதனையைச் செய்தால், கிடைக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 0.08. வேறுபாடு உண்டென்று சொல்ல முடியாது. ஒரே நோயாளி இரண்டு மருந்தையும் உட்கொண்டவர் என்பதால், ஆளுக்கு ஆள் வேறுபாட்டைக் கழித்து, இணை டி-சோதனையைச் செய்தால் கிடைப்பது ஏறத்தாழ 0.003. முடிவே மாறிவிடுகிறது!

காரணம் எளிது. எந்த மருந்தைக் கொடுத்தாலும் நன்றாகத் தூங்குபவர் உண்டு. எதற்கும் அசையாதவரும் உண்டு. முதல் சோதனையில் அந்த ஏற்றத்தாழ்வு மருந்தின் விளைவை மறைத்துவிடுகிறது. இரண்டாவதில் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே அளவுகோலாகிறார். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இரண்டாம் மருந்தே கூடுதல் தூக்கம் தந்தது. ஒருவருக்கு வேறுபாடு இல்லை.

இங்கே இணைச் சோதனை சரியானது, அது சிறிய எண்ணைத் தந்ததால் அன்று. ஆய்வு நடந்த விதம் அப்படி இருந்ததால். தரவு கைக்கு வரும் முன்பே எந்தச் சோதனை என்பது முடிவாகிவிடுகிறது. நாம் அளப்பது எது, யாரை யாரோடு ஒப்பிடுகிறோம், எத்தனை குழுக்கள் என்ற மூன்றுக்கும் முதலில் விடை எழுதினால் போதும். வகைகளின் எண்ணிக்கையை ஒப்பிடுவதற்குக் கார்ல் பியர்சன் 1900இல் தந்த கை-வர்க்கச் சோதனை இருக்கிறது. தரவரிசைகளின் ஒட்டுறவுக்கு உளவியலாளர் ஸ்பியர்மன் 1904இல் வழி காட்டினார். மூன்று நான்கு குழுக்களின் சராசரிகளுக்கு ரொனால்ட் ஃபிஷரின் மாறுபாட்டுப் பகுப்பாய்வு இருக்கிறது.

கருதுகோள் பற்றி ஒரு கடிதம்

ஃபிஷர் கேம்பிரிட்ஜில் இளைஞராக இருந்த 1912ஆம் ஆண்டிலேயே கோசெட்டின் சூத்திரத்துக்கு முறையான நிரூபணம் எழுதி அனுப்பினார். அந்தக் கணிதம் தமக்கு முழுதாகப் பிடிபடவில்லை என்று ஒளிக்காமல் சொல்லி, அதைப் பியர்சனுக்கு அனுப்பிவைத்தார் கோசெட். இன்றைய டி வடிவம் பின்னர் இருவரின் கடிதத் தொடர்பில் உருவாயிற்று. 1925இல் வெளிவந்த ஃபிஷரின் நூல் அதை உலகெங்கும் கொண்டுசென்றது. பியர்சனும் ஃபிஷரும் பரம விரோதிகளாக மாறினார்கள். கோசெட் மட்டும் இருவருக்கும் நண்பராகவே இருந்தார்.

பியர்சனின் மகன் ஈகான் பியர்சன் 1926இல் ஓர் ஐயத்தை கோசெட்டுக்கு எழுதினார். ஒரு கருதுகோளை எப்போது தள்ளலாம்? நிகழ்தகவு மிகக் குறைவு என்பது மட்டும் போதாது. நடந்ததை அதைவிட நன்றாக விளக்கக்கூடிய மாற்றுக் கருதுகோள் ஒன்று இருந்தால்தான் முதலாவதைத் தள்ள நியாயம் உண்டு என்ற கருத்தில் கோசெட் பதில் எழுதினார். அந்த விதையிலிருந்தே ஈகான் பியர்சனும் ஜெர்சி நேமனும் 1928 முதல் 1933 வரை கருதுகோள் சோதனைக் கோட்பாட்டை வளர்த்தெடுத்தார்கள். ஆய்வேட்டின் முதல் இயலில் இன்மைக் கருதுகோளையும் மாற்றுக் கருதுகோளையும் நாம் அடுத்தடுத்து எழுதுவது அங்கிருந்து வந்த வழக்கம்.

இருபதாயிரம் பிள்ளைகளும் பாலும்

சிறு மாதிரிகளுக்காகப் போராடியவர், பெரிய மாதிரி ஒன்று எப்படி வீணாகும் என்பதையும் காட்டினார். 1930இல் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரில் 67 பள்ளிகளில் சுமார் 20,000 பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு நான்கு மாதம் நாள்தோறும் முக்கால் பைண்ட் பால். மீதிப் பேருக்கு இல்லை. பால் குடித்தவர்கள் கூடுதலாக வளர்கிறார்களா என்பது கேள்வி.

1931இல் கோசெட் அதன் குறைகளை எடுத்துரைத்தார். சீட்டுப் போட்டோ பெயர் வரிசைப்படியோ பிரித்த பிறகு, குழு சரியாக அமையவில்லை என்று தோன்றினால் பிள்ளைகளை மாற்றிக்கொள்ள ஆசிரியர்களுக்கு அனுமதி இருந்தது. மெலிந்த ஏழைப் பிள்ளைக்குப் பால் கிடைக்கட்டும் என்று ஆசிரியர் மனம் இரங்கியிருக்கும். விளைவு, தொடக்கத்திலேயே பால் குடிக்காத குழு உயரமாகவும் எடை கூடியும் இருந்தது. மேலும் பிப்ரவரியில் குளிர்கால உடையோடும் ஜூனில் மெல்லிய உடையோடும் எடை பார்த்தார்கள். கம்பளி உடை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளிடம்தான் அதிகம். ஆகவே எடைக் குறைவில் எவ்வளவு உடலுடையது, எவ்வளவு உடையுடையது என்று பிரிக்க முடியவில்லை. ஒத்த இரட்டையர் ஐம்பது சோடிகளைக் கொண்டு செய்திருந்தால், குறைந்த செலவில் இதைவிட நம்பகமான விடை கிடைத்திருக்கும் என்பது அவர் கணிப்பு.

ஆசிரியர்களின் இரக்கத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் நல்ல மனமும் ஆய்வைக் கெடுக்கலாம். தெரிந்த நண்பர்களுக்கு மட்டும் வினாநிரல் கொடுக்கும் நமக்கும் இது பொருந்தும்.

இறுதிக் காலம்

கோசெட் கடைசிவரை ஆலை ஊழியராகவே இருந்தார். 1935இல் இலண்டனில் தொடங்கப்பட்ட புதிய கின்னஸ் ஆலையின் பொறுப்பேற்று அங்கே குடிபெயர்ந்தார். 1937 அக்டோபர் 16ஆம் நாள், 61ஆம் வயதில் காலமானார். தச்சு வேலை, தோட்டம், மீன்பிடித்தல் என்று வாழ்ந்த அந்த எளிய மனிதர், பெரும்பாலான கட்டுரைகளை மாணவர் என்ற பெயரிலேயே எழுதிச் சென்றார்.

நண்பர்களே, அடுத்த முறை மென்பொருளின் பட்டியலுக்கு முன் உட்கார்ந்து விழிக்கும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள். கைவசம் பத்துப் பேர்தான் என்று தயங்க வேண்டாம். இருபதாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று இறுமாக்கவும் வேண்டாம். வினாநிரலை அச்சடிக்கும் முன் ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் கேள்வியையும், இரண்டு கருதுகோள்களையும், அவற்றுக்கேற்ற சோதனையையும் எழுதி, தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் வந்த பிறகு அந்தத் தாளைத் திருத்த வேண்டும் என்ற ஆசை வரும். அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.