அண்டிரிக் அடிகளார்

ஒரு மொழியைக் கற்றலாவது அதன் சொற்களை மனப்பாடஞ் செய்தலன்று. சொற்கள் தம்முள் இயைந்து நிற்கும் முறையையும், அவ்வியைபிற் பிறக்கும் பொருளையும் ஒருங்குணர்தலே மொழியறிவாம். இற்றைநாளிற் கணிப்பொறி மொழிகளைப் பயில்வோரும் இவ்விரண்டனையும் வேறு பிரித்தே கற்கின்றனர். இவ்வுண்மையைப் பதினாறாம் நூற்றாண்டில் நமது முத்துக்குளித்துறையில் வாழ்ந்து காட்டியவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்னும் அண்டிரிக் அடிகளார்.

இவர் 1520ஆம் ஆண்டிற் போர்த்துக்கல் நாட்டிற் பிறந்தார். யூத மரபினர் என்னுங் காரணத்தாற் பிரான்சிஸ்கு சபையார் இவரை விலக்கினர். இயேசு சபையார் 1545இல் ஏற்றுக்கொண்டனர். மறு ஆண்டு கோவாவை அடைந்து, 1547இல் இக்கரைக்கு வந்தார்.

இவருக்கு முன்னரே சவேரியார் பிறர் துணைகொண்டு செபங்களைத் தமிழாக்கிப் பரதவர்க்குக் கற்பித்திருந்தார். அண்டிரிக் அடிகளார் தமிழறிந்தபின் அவற்றை ஆராய்ந்தார். விசுவசிக்கிறேன் என்றிருத்தற்குரிய இடத்தில் வேண்டும் என்னுஞ் சொல் நின்றது! ஓதுவார் நாவிற்கு இடர் இல்லை. பொருளோ முற்றும் வேறாயிற்று. தம் நம்பிக்கையை அறிக்கையிடுவதாக எண்ணிய எளிய மக்கள், ஒன்றை விரும்புவதாகவே ஓதி வந்தனர். ஒரு சொல்லின் பிழை ஓர் ஊரின் வழிபாட்டையே திரித்துவிடும் என்பதை அடிகளார் கண்டார். துபாசியை நம்பியிராது தாமே இலக்கணங் காணத் துணிந்தார்.

இலத்தீன், போர்த்துக்கேய இலக்கணங்களை அளவுகோலாகக் கொண்டு, கடற்கரை மக்கள் வாயிற் கேட்ட தமிழின் பெயர் வேற்றுமைகளையும் வினை விகற்பங்களையும் நிரல்படுத்தினார். 1549ஆம் ஆண்டளவில் உருப்பெற்ற அந்நூல், ஐரோப்பியர் எழுதி நமக்குக் கிடைத்துள்ள தமிழிலக்கணங்களுள் முற்பட்டது. அதன் கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது. அவ்வாண்டிலேயே வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி அடிகள் கொல்லப்பட, இக்கரைப் பணியின் தலைமைப் பொறுப்பும் இவர்மேல் வந்தது. உடல் நலிவும் பெரும்பொறுப்பும் இவரது தமிழாராய்ச்சியைத் தடுத்தில.

1554இல் லிஸ்பனில் அச்சேறிய தமிழ்ச் செபநூல் ரோமன் எழுத்திலேயே இருந்தது. அடிகளாரின் தம்பிரான் வணக்கமோ 1578இற் கொல்லத்தில் தமிழெழுத்திலேயே அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள்; எனினும் இந்திய மொழியொன்றன் எழுத்தில் இந்நாட்டில் வெளிவந்த முதல் அச்சுநூல் என்னும் பெருமை அதற்கே உரியது. 1579இற் கொச்சியிற் கிரிசித்தியானி வணக்கமும், 1586இல் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அடியார் வரலாறும் வெளிவந்தன.

ஏறத்தாழ ஐம்பத்துமூன்று ஆண்டுகள் இக்கரையோடு பிணைந்து வாழ்ந்த அடிகளார் 1600ஆம் ஆண்டிற் புன்னைக்காயலில் உயிர் நீத்தார்.

மாணவ அன்பர்காள்! நம் கரையில் அந்நாளில் முத்துக்குளித்தோர் சிப்பியைக் கொணர்ந்ததோடு அமைந்ததில்லை. அதனைத் திறந்து முத்தைக் கண்ட பின்னரே உழைப்பின் பயனைப் பெற்றனர். சொல்லும் சிப்பியை ஒத்ததே. பொருள் காணாது நூல்களை நெட்டுருச் செய்யும் நமக்கு, அயல்நாட்டினின்று வந்து நம் மொழியின் உள்ளீட்டைத் தேடிய இம்முதியவர் வாழ்வு நல்லதோர் ஆசிரியன் அன்றோ?