புயலுக்குப் பெயர் தந்தவர். அவரது எச்சரிக்கையைக் கேளாத அரசு

புதுதில்லி: 1875-ல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை, 2025 ஜனவரியில் 150 ஆண்டுகளை நிறைவு செய்தது. அத்துறை பிறப்பதற்கு 17 ஆண்டுகள் முன்பே மறைந்த ஹென்றி பிடிங்டன், வங்கக் கடல் புயல்கள் குறித்து ஆட்சியாளர்களை எச்சரித்தவர்.

இங்கிலாந்தில் 1797-ல் பிறந்த பிடிங்டன், வணிகக் கப்பல் மாலுமியாகப் பணியாற்றிய பின்னர் கல்கத்தாவில் குடியேறினார். கடல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்தார். புயலில் சிக்கிய கப்பல்களின் பதிவேடுகளைத் திரட்டி, ஒவ்வொரு கப்பலும் எங்கிருந்தது, காற்று எத்திசையிலிருந்து வீசியது என ஒப்பிட்டுப் புயலின் பாதையை வரைந்தார். இந்த ஆய்வுகள் 1839 முதல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியாயின.

மாலுமிகளுக்காக 1848-ல் அவர் எழுதிய கையேட்டில்தான் சைக்ளோன் என்ற சொல் பிறந்தது. சுருண்ட பாம்பை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை அவர் உருவாக்கினார். கையேட்டுடன் ஒளி ஊடுருவும் அட்டைகளும் தரப்பட்டன. அவற்றைக் கடல் வரைபடத்தின் மீது வைத்து, காற்றின் திசையைக் கொண்டு புயலின் மையத்தைக் கணித்து விலகிச் செல்ல முடிந்தது.

ஹூக்ளி நதி தூர்ந்துவிடும் என அஞ்சிய அரசு, கல்கத்தாவுக்குத் தென்கிழக்கே மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்கத் திட்டமிட்டது. புயலின்போது கடல் பொங்கி அவ்விடத்தை மூழ்கடிக்கும் என்று கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு 1853-ல் பிடிங்டன் எழுதினார். அது ஏற்கப்படவில்லை. 1858-ல் அவர் காலமானார். கானிங் என்ற பெயரில் எழுந்த துறைமுகம் 1867 நவம்பர் புயலில் சிதைந்தது. சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

இடையே 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் சுமார் 60 ஆயிரம் பேர் மாண்டனர். அதன் பின்னரே, 1865-ல், அந்நகரத் துறைமுகத்துக்கு முறையான புயல் எச்சரிக்கை வழங்கத் தொடங்கியது அரசு.

எச்சரிக்கை வந்தால் மட்டும் போதாது. அதன்மீது அரசு செயல்பட வேண்டும் என்பதை ஒடிசாவும் உணர்த்தியது. அங்கு 1999 புயலில் பலியானோர் சுமார் 10 ஆயிரம் பேர். 2005-ல் நாடாளுமன்றம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2013-ல் பைலின் புயலுக்கு முன்பாகச் சுமார் 10 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தாமதித்து வந்த பதில் அது.