சத்திரத்தில் வைத்தியர்... செய்யுளில் மருந்து! யார் இந்த இரண்டாம் சரபோஜி?

நீடாமங்கலம் என்றதும் டெல்டாக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ரயில்வே கேட்தான். தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி என எந்தப் பக்கம் போறவங்களும் வந்து நிற்கிற ஊர். இந்த ஊருக்கு யமுனாம்பாள்புரம் என்று இன்னொரு பெயரும் உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மனின் மனைவி யமுனாம்பாள் பெயரால் வந்தது அது. அவர் பெயரில் இங்கே ஒரு சத்திரமும் இருந்தது.

சத்திரம்னா சும்மா படுத்து எழுந்து போற இடம் மட்டும்தானா? இல்லை. நடந்தே ஊர் ஊராகப் போன காலத்தில், வழியில் காய்ச்சல் வந்தால் பல பேருக்கு ஆஸ்பத்திரியும் அதுதான். இந்த ஏற்பாடு அழிந்துவிடக் கூடாது என்று வாதாடியவர், மருத்துவக் குறிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. அவரைப் பற்றித்தான் இந்தத் தொகுப்பு.

சிறைப்பட்ட சிறுவன், பிறகு மன்னர்

சரபோஜி பிறந்தது 1777-ல். ஆண் வாரிசு இல்லாத மன்னர் துளஜா, 1787-ல் அவரைத் தத்தெடுத்தார். அதே ஆண்டில் துளஜா இறந்துபோக, பிரதிநிதியாக இருந்த அமர்சிங் தானே அரியணையில் உட்கார்ந்துகொண்டார். பத்து வயதுச் சிறுவன் அரண்மனைக்குள்ளேயே கிட்டத்தட்ட கைதி.

அவரைக் காப்பாற்றியவர் ஜெர்மனியில் பிறந்த பாதிரியார் சுவார்ட்ஸ். அவருடைய முயற்சியால் சிறுவன் மெட்ராஸுக்கு அனுப்பப்பட்டு, ஆங்கிலமும் ஐரோப்பியப் பாடங்களும் படித்தார். 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரையே மன்னராக்கியது.

ஆனால் அடுத்த ஆண்டே, 1799-ல், ஓர் ஒப்பந்தம். நாட்டு நிர்வாகம் முழுக்க கம்பெனி கைக்குப் போனது. சரபோஜிக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் சுற்றுப்புறமும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன் உதவித்தொகையும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். படை இல்லை, வரி வசூல் இல்லை. கையில் பணமும் நேரமும் இருந்த மன்னர் அதை எதில் போட்டார் என்பதுதான் இங்கே முக்கியம்.

சத்திரங்களுக்காக ஒரு கடிதம்

நிர்வாகம் கைமாறியதும், சத்திரங்களுக்கு விடப்பட்டிருந்த கிராமங்களின் கதி என்ன என்ற கேள்வி வந்தது. அந்த நிலங்களின் வருமானம் போனால் சத்திரத்தில் அடுப்பு எரியாது. 1801-ல் கம்பெனியின் தஞ்சாவூர் ரெசிடென்டுக்கு சரபோஜி விரிவாக ஒரு கடிதம் எழுதினார்.

சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்று அதில் வரிசையாக விளக்கியிருந்தார். எந்தச் சாதி, எந்த மதத்தவராக இருந்தாலும் வழிப்போக்கர்களுக்குச் சோறு உண்டு. நோயோடு வருபவர்களைப் பார்க்க வைத்தியர் இருப்பார். குணமாகும் வரை மருந்தும் பத்தியச் சாப்பாடும் கிடைக்கும். வழியில் பிரசவ வலி வந்த பெண்களுக்குப் பிரசவம் பார்த்து, உடம்பு தேறிய பிறகே அனுப்புவார்கள். பெற்றோர் இறந்து அநாதையாகும் குழந்தைகளை வளர்த்துப் படிக்கவும் வைப்பார்கள். இந்தத் தர்மத்தில் கை வைக்கக் கூடாது என்பதே அவரது கோரிக்கை.

அவரும் சத்திரம் கட்டினார். ஒரத்தநாட்டில் அவர் நிறுவிய முக்தாம்பாள் சத்திரத்தில் சாப்பாட்டோடு இலவசப் பள்ளிக்கூடமும் நடந்தது.

தன்வந்திரி மகால் எப்படி இயங்கியது?

தஞ்சையில் சரபோஜி நடத்திய மருத்துவ நிலையத்தின் பெயர் தன்வந்திரி மகால். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் என நான்கு வழி வைத்தியர்களும் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள். இன்றைக்கே இது அபூர்வம். 200 ஆண்டுகளுக்கு முன்பு எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க!

அங்கே நடந்த வேலையை மூன்று படிகளாகப் புரிந்துகொள்ளலாம்.

ஒன்று, சேகரிப்பு. குடும்பம் குடும்பமாக ரகசியமாக வைத்திருந்த முறைகள், பழைய சுவடிகள், மேலைநாட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. மூலிகைகளைப் பார்த்து வண்ண ஓவியங்களும் வரையப்பட்டன.

இரண்டு, சோதனை. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பலன் தந்ததாக வைத்தியர்கள் கருதியவை தேர்வாயின.

மூன்று, பதிவு. கண் நோயாளிகளின் பதிவுகள் இதற்கு நல்ல உதாரணம். யார் வந்தார், என்ன கோளாறு, என்ன சிகிச்சை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குறிப்பு. கூடவே பாதிக்கப்பட்ட கண்ணின் வண்ணப் படம். இன்று நாம் கேஸ் ஷீட் என்று சொல்வது இதைத்தான். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் இந்தப் பதிவுகளை ஆராய்ந்து கண் மருத்துவ இதழில் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள்.

ஏன் செய்யுளில் எழுதினார்கள்?

தேர்வான மருந்து முறைகளைப் புலவர்கள் தமிழ்ச் செய்யுளாக்கினார்கள். அந்தத் தொகுப்புதான் சரபேந்திர வைத்திய முறைகள். நீரிழிவு, கண் நோய், கர்ப்பிணிகள் மற்றும் குழந்தைகள் நோய், காமாலை, இருமல் என நோய்வாரியாகப் பிரித்த நூல்கள் இவை.

அரண்மனையில் புழங்கியது மராத்தி. ஆனால் ஊர் வைத்தியருக்குத் தெரிந்தது தமிழ். அதோடு, செய்யுள் என்றால் ஏட்டைப் பார்க்காமலேயே மனப்பாடமாகச் சொல்லலாம். அந்தக் காலத்தில் தகவல் ஊர் ஊராகப் பரவ இதைவிட நல்ல வழி ஏது?

ஆனால் மக்களுக்குப் போய்ச் சேர்ந்ததா?

இங்கேதான் ஒரு குறை. சரபோஜியிடம் அச்சகம் இருந்தது. 1800-களின் தொடக்கத்திலேயே தேவநாகரி எழுத்தில் மராத்தி, சமஸ்கிருதப் புத்தகங்கள் அங்கே அச்சாயின. ஆனால் தமிழ் வைத்தியச் செய்யுள்கள் ஏட்டிலும் கையெழுத்துப் பிரதியிலுமே தங்கிவிட்டன. புத்தகமாக வெளியானது 20-ஆம் நூற்றாண்டில், சரசுவதி மகால் நூலகத்தின் வழியாகத்தான். அரண்மனைக் கணக்குகளோ மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் இருந்தன. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறையக் குறைய, தகவலும் பூட்டிய பெட்டி மாதிரி ஆகிவிட்டது.

தகவலைச் சேகரிப்பது பாதி வேலைதான். தேவைப்படுகிறவர் கைக்கு அது போய்ச் சேருவது மீதிப் பாதி. சத்திரத்து வைத்தியர் நோயாளியை நேரில் பார்த்ததால் அங்கே இரண்டும் நடந்தது. ஏட்டில் இருந்தது மட்டும் நூறு ஆண்டுக்கு மேல் காத்திருந்தது. 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருவதும் இந்த மீதிப் பாதி வேலைதான்.

இன்று என்ன மிச்சம்?

1820-ல் பெரும் பரிவாரத்தோடு காசி யாத்திரை போன சரபோஜி, அங்கிருந்தும் சுவடிகளைச் சேர்த்து வந்தார். 1832 மார்ச் 7-ல் காலமானார். மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறக்க, கம்பெனி தஞ்சை அரசை முழுதாக எடுத்துக்கொண்டது.

ஆனால் சரபோஜி சேர்த்த நூல்கள் போகவில்லை. 1918-ல் சரசுவதி மகால் பொது நூலகமானது. அவர் கையெழுத்திட்ட ஆங்கிலப் புத்தகங்கள் இன்றும் அங்கே உள்ளன. சத்திரங்களைக் கவனிக்க தஞ்சாவூர் மாவட்ட நிர்வாகத்தில் இன்றும் தனிப் பிரிவு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: சரபேந்திர வைத்திய முறைகள் நூல்களைத் தஞ்சை அரண்மனை வளாகத்தில் வாங்கிப் படிக்கலாம். ஆனால் அதிலுள்ள மருந்துகளை வீட்டில் நீங்களே தயாரித்துச் சாப்பிட வேண்டாம். அந்தக் கால மருந்துகளில் பாதரசம் போன்ற நச்சுப் பொருட்களும் சேர்வதுண்டு; இன்றைய முறையில் அவை பரிசோதிக்கப்பட்டவையும் அல்ல. சந்தேகம் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, அரசு சித்த மருத்துவரிடமோ கேளுங்கள். சரபோஜியே எந்த மருந்தையும் கொடுத்துப் பார்த்து, எழுதி வைத்த பிறகுதான் நம்பினார்.