திடீர் மரணத்தின் காரணம் தேடிய மருத்துவர்

மறைமலைநகர்த் தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்தவர், மாமல்லபுரத்தில் கல் செதுக்கியவர், கோவளத்தில் கடலுக்குச் சென்று திரும்பியவர் என நோயென்று ஒருநாளும் படுக்காத ஒருவர் திடீரெனச் சாய்ந்து உயிர்விட்டால், குடும்பம் நிலைகுலைந்து போகிறது. உடல் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும்போது, உடற்கூறாய்வு வேண்டாம் என்று உறவினர்கள் மன்றாடுவதும் இயல்பே. ஆனால், காரணம் அறியப்படாத மரணத்தின் வெற்றிடத்தை வதந்தியே நிரப்புகிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ரோம் நகரில் அந்த வெற்றிடத்தை அறிவால் நிரப்ப முயன்றவர் ஜியோவன்னி மரியா லான்சிசி.

1654-இல் ரோமில் பிறந்த லான்சிசி, 18 வயதிலேயே மருத்துவப் பட்டம் பெற்றார். சாந்தோ ஸ்பிரித்தோ மருத்துவமனையில் பணியாற்றிய அவர், 1684-இல் உடற்கூறியல் பேராசிரியரானார். பின்னர் போப்பாண்டவர் 11-ஆம் கிளெமென்ட்டின் மருத்துவராகவும் விளங்கினார்.

1705, 1706 ஆண்டுகளில், நலமுடன் நடமாடியவர்கள் ரோமில் அடுத்தடுத்துத் திடீரென இறந்தனர். நகரைப் பீதி கவ்வியது. இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து காரணம் கூறுமாறு லான்சிசியைப் போப்பாண்டவர் பணித்தார். உடல்களை அறுத்துப் பார்த்த லான்சிசி, புதிய கொள்ளைநோய் எதையும் காணவில்லை. வீங்கிப் பெருத்த இதயங்களையும், பழுதுற்ற இதய வால்வுகளையும், மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவையுமே கண்டார். முன்பே உள்ளுக்குள் வளர்ந்திருந்த நோய்களே திடீரென உயிரைப் பறித்தன என்பது தெளிவாயிற்று. 1707-இல் இவற்றை நூலாக வெளியிட்டார். இதய நோய் சில குடும்பங்களில் தலைமுறைதோறும் தொடர்வதையும் அவர் கவனித்திருந்தார்.

அவருடைய தேடல் அத்துடன் நிற்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அச்சேறாமல் கிடந்த யூஸ்டாக்கியின் உடற்கூற்றுப் படங்களை 1714-இல் பதிப்பித்தார். சதுப்பு நிலங்களுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை 1717-இல் எழுதி, கொசுக்களின் மீதும் ஐயம் கொண்டார். தம் நூலகத்தைத் தாம் பணியாற்றிய மருத்துவமனைக்கே வழங்கினார். 1720-இல் மறைந்தார். இதயம் பற்றிய அவரது பெருநூல் 1728-இல்தான் வெளிவந்தது.

கரோனாவுக்குப் பின் நம்மிடையேயும் அதே பீதி எழுந்தது. இளம் வயதினரின் திடீர் மரணங்களுக்குத் தடுப்பூசியே காரணம் என்ற பேச்சு பரவியது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 2023-இல் 47 மருத்துவமனைகளின் துணையுடன் 18 முதல் 45 வயது வரையிலானவர்களின் மரணங்களை ஆராய்ந்தது. தடுப்பூசி அந்த அபாயத்தைக் கூட்டவில்லை. குடும்பத்தில் முன்பு நிகழ்ந்த திடீர் மரணம், அளவுமீறிய மது, கடும் உடலுழைப்பு ஆகியவை அபாயத்தைக் கூட்டின என்று அது கண்டது. ஆயினும், அந்த ஆய்வு பெரிதும் உறவினர்களிடம் கேட்டறிந்த தகவல்களையே நம்ப வேண்டியிருந்தது. உடலுக்குள் நிகழ்ந்ததை உறவினர் எவ்வாறு அறிவார்?

வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் உடற்கூறாய்வு செய்ய மத்திய அரசு 2021-இல் அனுமதித்தது. உடலுக்காக விடியும்வரை காத்திருக்கும் துயரத்தை இது குறைக்கக்கூடும். ஆய்வின் முடிவை எளிய தமிழில் குடும்பத்தாருக்கு எடுத்துரைப்பதும், உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் இதயப் பரிசோதனை செய்வதும் வழக்கமாக வேண்டும். இறந்தவரை உடற்கூறாய்வு மீட்டுத் தராது. அதே வீட்டில் அடுத்தவரைக் காக்கக்கூடும்.