சீமோர் கிரே

விரைவு மிகுமிடத்து வெப்பமும் மிகும். நெடுந்தொலைவு விரைந்தோடிய வண்டியின் அச்சு கைபொறுக்காத சூடு உடையதாவதை யாவரும் அறிவர். கணிப்பொறியும் இவ்விதிக்கு விலக்கன்று. அதன் உள்ளே எண்ணிறந்த நுண்ணிய மின்சாவிகள் நொடிதோறும் கோடிக்கணக்கான முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் சிறிதளவு மின்னாற்றல் வெப்பமாக மாறுகின்றது. அவ்வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிடின் கணக்குப் பிழைபடும், பொறியும் பழுதுறும். இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுதும் நெஞ்சிற்கொண்டு, உலகின் மிக விரைவான கணிப்பொறிகளை ஆக்கியளித்த பெருமை சீமோர் கிரே என்னும் அமெரிக்கப் பொறியியலாளரைச் சாரும்.

இளமையும் கல்வியும்

கிரே 1925ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28ஆம் நாள், விஸ்கான்சின் மாநிலத்துச் சிப்பெவா பால்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஒரு பொறியியலாளர். மகனின் ஆர்வத்தைக் கண்ட பெற்றோர், வீட்டின் நிலவறையை அவர்தம் ஆய்வுக்கென ஒதுக்கிக் கொடுத்தனர். பத்து வயதளவில், விளையாட்டுக்கென விற்கப்படும் உலோகத் துண்டுகளைக் கொண்டே, துளையிட்ட காகித நாடாவைத் தந்திக் குறிகளாக மாற்றும் கருவியொன்றை அவர் அமைத்தார்.

1943இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர் படையிற் சேர்க்கப்பட்டார். ஐரோப்பாவில் வானொலிக் கருவி இயக்குபவராகவும், பின்னர்ப் பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் பணிபுரிந்தார். போர் முடிந்தபின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1949இல் மின்பொறியியற் பட்டமும், 1951இல் கணிதத்தில் மேற்பட்டமும் பெற்றார்.

முதல் வெற்றி

1957இல் கன்ட்ரோல் டேட்டா என்னும் நிறுவனம் தோன்றியது. கிரே அதிற் சேர்ந்து கணிப்பொறிகளை வடிவமைத்தார். ஆரவாரமற்ற சூழலை விரும்பிய அவர், 1962இல் தாம் பிறந்த ஊரிலேயே ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். ஒரு சிலரே அடங்கிய குழுவினருடன் அங்கு அவர் உருவாக்கிய 6600 என்னும் பொறி 1964இல் வெளிவந்தது. அதற்கு முன்னர் விரைவிற் சிறந்திருந்த பொறியினும் அஃது ஏறத்தாழ மும்மடங்கு விரைவாக இயங்கியது.

அவ்வெற்றிக்கு அடிப்படை யாது? நூறு கோடியில் ஒரு பங்கு நொடியில் ஒளி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவே செல்லும். கம்பியிற் செல்லும் மின்குறி அதனினும் குறைந்த தொலைவே செல்லும். ஆகவே பொறி விரைந்து இயங்கவேண்டுமாயின் கம்பிகள் குறுகியனவாதல் வேண்டும். கம்பிகள் குறுகப் பொறியின் உறுப்புகளை நெருக்கி அடுக்குதல் வேண்டும். நெருக்கி அடுக்கின், அவை வெளியிடும் வெப்பம் ஒரு சிறிய இடத்திலே குவியும். காற்று அதனூடே புகுந்து வெப்பத்தை ஏற்றுச் செல்லவும் வழியிராது. விரைவின் பகை வெப்பமே என்பதை இவ்வாறு கண்ட கிரே, குளிர்பதனப் பெட்டியில் அந்நாளிற் பயன்பட்ட பிரியான் என்னும் பொருளைக் குழாய்களின் வழியே பொறிக்குள் செலுத்தச் செய்தார். இப்பணியில் அவர்க்கு வலக்கையாக விளங்கியவர் டீன் ரூஷ் என்னும் பொறியியலாளர் ஆவார்.

தோல்வியும் துணிவும்

வெற்றிகளுக்கிடையே தோல்வியும் வந்துற்றது. 8600 என்னும் புதிய பொறியை ஆக்கும் முயற்சி பல்லாண்டுகள் நடைபெற்றும் நிறைவேறவில்லை. உறுப்புகள் மிக நெருங்கியமையால் வெப்பம் அடங்கவில்லை. ஓர் உறுப்புப் பழுதுறினும் பொறி முழுதும் செயலற்றது. வடிவமைப்பை முற்றிலும் மாற்றி மீண்டும் தொடங்க அவர் விரும்பினார். நிறுவனத்திடம் அதற்குரிய பொருள் இல்லை. எனவே 1972இல் அவர் விலகிக் கிரே ரிசர்ச் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அங்கு உருவாகிய கிரே-1 என்னும் பொறி, ஒரு பக்கம் திறந்த வட்ட வடிவினது. எந்தக் கம்பியும் நான்கு அடிக்கு மேற்படலாகாது என்பதற்காகவே அவ்வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அஃது 115 கிலோவாட் மின்னாற்றலை உட்கொண்டது. மின்சுற்றுப் பலகைகளின் வெப்பத்தை அவற்றிடையே வைத்த செப்புத் தகடுகள் ஏற்றன. அத்தகடுகளினின்று அலுமினியத் தூண்களும், தூண்களினுள் அமைந்த எஃகுக் குழாய்களில் ஓடிய பிரியானும் வெப்பத்தை வெளியே கொண்டு சென்றன.

ஆயினும் முதற்பொறி முடிவுறும் நிலையிலே பெருந்தடை நேர்ந்தது. பிரியானுடன் கலந்திருந்த மசகெண்ணெய் இணைப்புகளின் வழியே கசிந்து, பலகைகளின்மேற் படிந்து, மின்சுற்றுகளைக் கெடுத்தது. புதிய நிறுவனத்தின் எதிர்காலமோ அந்த ஒரு பொறியையே நம்பியிருந்தது. கிரேயும் அவர்தம் துணைவரும் மனந்தளராது, குழாய்களைப் பற்றவைக்கும் முறையையே மாற்றிக் கசிவை நிறுத்தினர். 1976இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் அப்பொறி நிறுவப்பட்டது. பின்னர் அவ்வகைப் பொறிகள் எண்பதுக்கு மேற்பட்டவை விற்பனையாயின. வானிலையை முன்னறிவதற்கும் அவை பெரிதும் துணைபுரிந்தன.

1985இல் வெளிவந்த கிரே-2 இன்னும் வியப்பூட்டுவது. அதன் பலகைகள் மிக நெருங்கியிருந்தமையால் தகடுகள் போதாவாயின. எனவே மின்சாரத்தைக் கடத்தாத நீர்மம் ஒன்றினுள் மின்சுற்றுகள் முழுவதும் மூழ்கியிருக்க, அந்நீர்மம் அவற்றிடையே ஓடி வெப்பத்தைக் கவர்ந்தது.

இறுதி நாள்கள்

பின்னர் அவர் முயன்ற கிரே-3 வணிகத்தில் வெற்றி பெறவில்லை. அவர்தம் புதிய நிறுவனம் 1995இல் பொருளின்றி நொடித்தது. எழுபது வயதிலும் ஊக்கம் குன்றாத கிரே, 1996இல் மற்றுமொரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆயின் அவ்வாண்டு செப்டம்பரில் நேர்ந்த சாலை விபத்தில் படுகாயமுற்று, அக்டோபர்த் திங்கள் 5ஆம் நாள் இவ்வுலகை நீத்தார்.

அவர் விடுத்துச் சென்ற நெறி

கிரே-1 நொடிக்கு 8 கோடித் துடிப்புகளுடன் இயங்கியது. இன்று மேசைமீதுள்ள கணிப்பொறியோ நொடிக்குப் பல நூறு கோடித் துடிப்புகளுடன் இயங்குகின்றது. ஆக்கியோர் வரையறுத்த அளவினும் அதனை விரைவுபடுத்த முயல்வோரும் உளர். விரைவை உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்த நேரும். அழுத்தம் சிறிது உயரினும் வெப்பம் பெரிதும் உயரும். அவ்வெப்பத்தைச் செப்பும் அலுமினியமும் ஏற்று, மெல்லிய உலோக இதழ்களிற் பரப்ப, விசிறி அதனைக் காற்றிற் சேர்க்கின்றது. பெட்டியின் முன்புறம் குளிர்ந்த காற்று புகவும், பின்புறமும் மேற்புறமும் சூடான காற்று வெளியேறவும் வழி இருத்தல் வேண்டும். கம்பிகள் வழியை மறைப்பினும், தூசி படியினும் சூடு தங்கிவிடும். அந்நிலையில் பொறி தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளும். விரைவை நாடி வெப்பத்தை மறந்தவர் இறுதியில் விரைவையும் இழப்பர்.

புகழ் பெறுவது விரைவே. அதனைத் தாங்கி நிற்பதோ கண்ணிற்படாத குழாயும் தகடும் காற்றுமே. அச்சிறு பொருள்களையும் பெரும்பொருளாக மதித்து ஆராய்ந்தமையாலேயே கிரே அருஞ்செயல் ஆற்றினார். கசிந்த குழாயைக் கண்டு சோர்வுறாது, அதன் காரணத்தைத் தேடிக் களைந்த அவர்தம் பொறுமை, எத்தொழிலை மேற்கொள்வார்க்கும் ஏற்ற வழிகாட்டியாகும்.