விமானம் வாங்கிய கும்பகோணத்து டாக்டர்

சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு டாக்டரின் சிலையைப் பார்த்திருக்கலாம். அவர்தான் டாக்டர் ரங்காச்சாரி.

தஞ்சை ஜில்லாவில், கும்பகோணத்தை அடுத்த சருக்கை கிராமத்தில் 1882-ல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறி, சர்க்கார் டாக்டரானார். கத்தி பிடித்தால் கைராசி என்று பேர். அந்தப் பேரே அவருடைய ஓய்வைப் பறித்தது! விடியற்காலை 4 மணிக்கே ஆபரேஷன் தொடங்கிவிடும். நாளொன்றுக்கு 18 மணி நேர உழைப்பு. சர்க்கார் வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் நடத்தியபோதும் கூட்டம் குறையவில்லை. வெளியூர் நோயாளிகளிடம் போய்வர ஆகாய விமானமே வாங்கினார். ‘புஸ் மாத்’ என்ற சிறிய ரகம். ஆடம்பரம் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் விலைக்கு வாங்கப் பார்த்தது நேரத்தை.

பயண நேரம் குறைந்தது, சரி. கத்தி வைக்கவும் தையல் போடவும் ஆகும் நேரத்தை எந்த இயந்திரம் குறைக்கும்? ஒருவர் கையையே அத்தனை பேரும் நம்பியிருந்தால், அவர் ஒரு நோயாளியின் அருகே நிற்கும்போது மற்றவர்கள் காத்திருக்கத்தானே வேண்டும்? இன்னும் பத்து ரங்காச்சாரிகள் இருந்திருந்தால் விமானத்துக்கே வேலை இருந்திராது.

1934-ல் டைபாய்டு காய்ச்சல் அவரையே படுக்கையில் தள்ளியது. அதைக் குணப்படுத்தும் மருந்து அந்த நாளில் கிடையாது. குளோரோமைசெட்டின் வந்ததெல்லாம் 1940-களின் கடைசியில்தான். 52 வயதில் கண்ணை மூடினார் ரங்காச்சாரி. ஐந்து வருஷம் கழித்து, 1939-ல், சிலை வைத்தார்கள்.